பழைய ஐந்து ரூபாவுக்கு ஒரு பிளேன்டீ

நாலந்தாவிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் பஸ்ஸில் நான் மீதிக் காசு கேட்டுக்கொண்டிருந்தேன். சில்லறை இல்லை என்றார் கண்டக்டர். அது எனக்குப் பதில் ஆகாது என்றேன். பின் ஆசனத்தில் இருந்த இருவர் சிரித்தார்கள். அந்த வீதியில் ஓடும் பஸ்களில் என்னையும் என் மீதிக் காசையும் அறியாதவர்கள் குறைவு.

"எறங்குறதுக்குள்ள தந்துருவேங்க ஐயா, கோவிக்காதீங்க," என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சில்லறைன்னதும்தான் ஞாபகம் வருது. காந்தக் கடை ராத்தா மவுத்தாகிட்டாங்களாம். காலைல கலேவெல பஸ்காரன் சொன்னான். ஒங்களுக்குத் தெரியுங்களா?"

தெரியாது. நான் தம்புள்ளையில் இறங்கி, ராத்தாவின் ஊருக்குப் போகும் கலேவெல பஸ்ஸில் ஏறினேன். பாதி வழி போன பிறகுதான் மீதிக் காசை வாங்காமல் இறங்கிவிட்டது நினைவுக்கு வந்தது. என் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

அன்று பிற்பகலே ஸுபைதா ராத்தாவை அடக்கம் செய்தார்கள். மையவாடியின் மதிலோரம் சந்தை நாட்டாமிகள் பலர் நின்றார்கள், மூட்டை தூக்கும் தோளில் துண்டைப் போட்டபடி. யாரும் அதிகம் பேசவில்லை. பேசியிருந்தால் நான் இதை எழுத வேண்டியே வந்திருக்காது. பேச்சு பிறகுதான் தொடங்கியது, அதுவும் தவறாகத் தொடங்கியது. ஒரு வாரம் கழித்து நான் தம்புள்ளை மரக்கறிச் சந்தைக்குப் போனபோது, அவருடைய தேநீர்க் கடைக்கு எதிரே பெரிய பதாகை ஒன்று கட்டியிருந்தார்கள். 'ஏழைத் தொழிலாளருக்கு இலவசமாகத் தேநீர் வழங்கிய கருணைத் தாய்' என்று அதில் எழுதியிருந்தது.

எழுதியவர்களின் மனம் நல்ல மனம்தான். ஆனால் எழுதியது பொய். அவரை அறிந்தவர்களுக்கு, முக்கியமாக அவர் கடையில் குடித்தவர்களுக்கு, நான் ஞாபகப்படுத்துகிறேன். ஸுபைதா ராத்தா ஒரு கோப்பைத் தேநீரைக்கூட இலவசமாகக் கொடுத்தவர் அல்லர். அவர் செய்தது அதைவிடப் பெரிய காரியம். அது என்ன என்பது எனக்கே சரியாக விளங்கப் பல வருடம் எடுத்தது.

நான் அந்தச் சந்தை தொடங்கிய காலத்திலிருந்து ஓய்வு பெறும்வரை தராசு பிடித்தவன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். மிச்சத்தை மரக்கறி சுற்றி வந்த பழைய பத்திரிகைகளில் படித்துக்கொண்டேன். ராத்தா என்னைத் 'தராசுக்காரரே' என்றுதான் கூப்பிடுவார். ராத்தா என்றால் அக்கா; வயதில் அவர் என்னைவிட இளையவர். ஆனாலும் சந்தையில் எல்லோருக்கும் அவர் ராத்தா, எனக்கும் ராத்தா.

ஐந்து ரூபா நாணயக் குற்றி மாறிய காலம் சிலருக்கு நினைவிருக்கும். அதுவரை இருந்த குற்றி தடிப்பானது. உள்ளங்கையில் வைத்தால் வைத்தது தெரியும். பிறகு, ஏறக்குறைய அதே அளவில், அதே மஞ்சள் நிறத்தில், இலேசான ஒன்று வந்தது. ஒரு நாள் செல்லையா என்ற நாட்டாமி புதுக் குற்றியைக் கடைப் பலகையில் போட்டுவிட்டு டீ கேட்டார். ராத்தா கேத்தலைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னொருக்கா போடுங்க."

"என்ன ராத்தா, கள்ளக் காசுன்னு பாக்குறீங்களா?"

"சத்தம் சரியில்ல. போடுங்களேன்."

செல்லையா திரும்பப் போட்டார். ராத்தா உள்ளே போய், பழுதான ரேடியோ ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கொண்டு வந்து குற்றியின் மேல் பிடித்தார். குற்றி துள்ளிக் காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. பழைய குற்றி ஒன்றை எடுத்துப் பிடித்தார். அது அசையவில்லை.

"தராசுக்காரரே, இங்க வந்து பாருங்க. மூஞ்சி அதே மூஞ்சி. உள்ளுக்கு இரும்பு, மேல பூச்சு."

"இருந்துட்டுப் போகுதுங்க ராத்தா. அஞ்சு ரூபான்னு அடிச்சிருக்கு. சட்டப்படி ரெண்டும் அஞ்சு ரூபாதான்."

"நான் இல்லேண்டு சென்னேனா? என்ட வாப்பாட பழைய இரும்புக் கடைல பித்தளைக்கி ஒரு வெல, இரும்புக்கு ஒரு வெல. ரெண்டுக்கும் ஒரே வெல போட்டா என்ன நடக்கும் செல்லுங்க? ஊர்ல ஈக்கிற இரும்பெல்லாம் எங்கட கடைக்கி வரும். பித்தளை ஒண்டும் வராது."

நாங்கள் சிரித்தோம். இரண்டு மூன்று வருடத்தில் பழைய ஐந்து ரூபா சந்தையில் கண்ணில் படாமல் போனது. கையில் வந்ததெல்லாம் காந்தத்தில் ஒட்டுவது. பிறகு பூச்சும் போய், குற்றி வெள்ளையாகவே வந்தது. அப்போதும் நான் அவர் சொன்னதை நினைக்கவில்லை. இப்போது நினைக்கிறேன், நினைக்கும்போது கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. நான் தினமும் எடை பார்த்தவன். பலகையில் விழுந்த ஒரு சத்தத்தில் அவர் அத்தனையையும் கேட்டுவிட்டார்.

அந்தக் காந்தம் ஒரு நூலில் கட்டி, கல்லாப் பெட்டிக்கு மேலே தொங்கவிடப்பட்டது. கடைக்குக் காந்தக் கடை என்று பெயர் வந்தது அப்படித்தான்.

பால் சேர்க்காத பிளேன்டீயின் விலை ஐந்து ரூபாவிலிருந்து முதல் முறை ஏறிய நாளில் ராத்தா தம் விதியைச் சொன்னார். பழைய ஐந்து ரூபாக் குற்றி தந்தால் ஒரு பிளேன்டீ. மற்றக் காசு தந்தால் புது விலை. எங்கும் எழுதி ஒட்டவில்லை. வந்த பழைய குற்றிகளைப் பிஸ்கட் டின்களில் போட்டு வைத்தார். விலை மறுபடி ஏறியது, மறுபடியும் ஏறியது. பழைய குற்றிக்கு மட்டும் ஒரு பிளேன்டீ, அதே கண்ணாடிக் கோப்பையில், அதே சாயத்தில். நான் கோப்பையின் மட்டத்தைப் பலமுறை கவனித்திருக்கிறேன். தொழில் பழக்கம். ஒரு விரல் குறைந்ததில்லை.

நான் இந்த விதியை ஏற்கவில்லை. ஒரே தொகை எழுதிய இரண்டு குற்றிகளுக்கு இரண்டு மதிப்பு என்பது நியாயமில்லை என்று வாதாடினேன். என் பக்கத்து நியாயத்தைக் காட்ட, எப்போதும் புது விலையை முழுதாகக் கொடுத்தே குடித்தேன். செல்லையா என்னைக் கேலி செய்வார்: "எல்லாரும் தாகத்துக்குக் குடிக்கிறோம். தராசு ஐயா மட்டும் கொள்கைக்குக் குடிக்கிறாரு."

ஓய்வு பெற்ற நாளில் ராத்தா எனக்குத் தந்த மீதிக் காசில் ஒரு பழைய ஐந்து ரூபா இருந்தது. தவறி வந்ததென்று திருப்பிக் கொடுத்தேன்.

"தவறல்ல. வச்சிக்கங்க. ஒங்கட பேங்க்கு ஒரு நாளைக்கி கைய விரிச்சா, டீக்கு ஆகும்."

"பேங்க்குல போட்டா வட்டி வருதுங்க ராத்தா. ஒங்க பிஸ்கட் டின் வட்டி தருமா?"

"தராது," என்றார். "ஆனா தேயாது."

ஓய்வில் கிடைத்த சேமலாப நிதிப் பணம் முழுவதையும் நான் வங்கியில் நிலையான வைப்பில் போட்டேன். வீட்டுக் கூரையை மாற்றுவதற்கு என்று வைத்த பணம். பிறகு வந்ததுதான் வரிசைக் காலம். எரிவாயுவுக்கு வரிசை, டீசலுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. என் வைப்பில் ஒரு ரூபாவும் குறையவில்லை. அந்தப் பணத்துக்கு வந்த கூரைத் தகடு மட்டும் பாதி வீட்டுக்குக்கூடப் போதவில்லை. நான் செய்தது பிழை என்று இன்றும் சொல்லமாட்டேன். ஒரு தொழிலாளி நாட்டின் காசை நம்பியது பிழையென்றால், பிழை தொழிலாளியுடையது அல்ல. இதைப் பத்திரிகைகளுக்குக் கடிதமாக எழுதினேன். ஒன்றும் வெளிவரவில்லை. போகட்டும்.

டீசல் இல்லாமல் லொறிகள் நின்றன. நாட்டாமிகளுக்குப் பாதி நாள் வேலையில்லை. மற்றக் கடைகளில் பிளேன்டீயின் விலை வாரத்துக்கு வாரம் மாறியது. அப்போதுதான் பழைய ஐந்து ரூபாக்கள் வெளியே வரத் தொடங்கின. உண்டியல்களிலிருந்து, சாமி படங்களுக்குப் பின்னாலிருந்து, தையல் பெட்டிகளிலிருந்து, இறந்துபோனவர்களின் வெற்றிலைப் பைகளிலிருந்து. ராத்தா ஒவ்வொரு குற்றியாகக் காந்தத்தில் பிடித்துப் பார்த்து, ஒவ்வொரு குற்றிக்கும் ஒரு பிளேன்டீ கொடுத்தார். சீனி கிடைக்காத நாளில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி வைத்தார். "வெலையக் கூட்டல்ல, டீயக் குறைக்கவும் மாட்டேன்," என்றார்.

செல்லையா ஒரு நாள் கொண்டுவந்த குற்றியில் மஞ்சள் தூள் படிந்திருந்தது. ராத்தா அதைக் காந்தத்தில் பிடிக்காமல் மூக்கருகில் கொண்டுபோனார்.

"இது எங்கேந்து வந்த?"

செல்லையா தலையைக் குனிந்தார். மகளுக்குச் சுகமில்லாதபோது அம்மனுக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசு. கோயில் தேருக்குப் போய் உண்டியலில் போட வேண்டியது. பஸ்ஸுக்குக் காசு இல்லாததால் போகவில்லை. துணியை அவிழ்த்து எடுத்து வந்துவிட்டார்.

"அதுக்குப் பதிலா புதுசு ஒண்ண முடிஞ்சு வச்சிட்டேன் ராத்தா. அதுவும் அஞ்சுதானே."

"நேர்ந்த நேரம் பித்தளை. குடுக்கிற நேரம் இரும்பா?" என்றார் ராத்தா. "ஒங்கட அம்மன்கிட்ட காந்தம் இல்லேண்டு நெனச்சிங்களா?"

கடையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். செல்லையா சிரிக்கவில்லை. அவர் முகம் போன போக்கைப் பார்த்து ராத்தா குற்றியை அவர் கையிலேயே வைத்து மூடினார். "கொண்டு போய் பழையபடி முடிங்க. பின்னுக்கு வெறகு ஈக்குது, எரிவாயு இல்ல. பொளந்து தாங்க, டீ தாறேன்." செல்லையா விறகு பிளந்துவிட்டு வந்து குடித்தார். பதாகை எழுதியவர்கள் அந்த விறகைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

அந்த மாதங்களில் ராத்தாவுக்கே கடை கையை விட்டுப் போகும் நிலை வந்தது. கடையின் சொந்தக்காரர் ஒரு மரக்கறி முதலாளி. வாடகையை இரு மடங்காக்கினார். முடியாவிட்டால் மாத முடிவில் சாவியைத் தரச் சொன்னார். ராத்தாவின் பிஸ்கட் டின்கள் நிறையப் பழைய குற்றிகள். நோட்டு இல்லை. அந்த நேரம் பார்த்து ஒரு வேன் வந்தது. பழைய உலோகம் வாங்கும் ஒரு வெளியூர்க்காரர், நடுப்பகலில், எல்லோரும் பார்க்கக் கடை முன் நிறுத்தினார்.

"கிலோ கணக்குல எடுக்கிறேன் ராத்தா. அஞ்சு ரூபாக் குத்திக்குள்ள இன்னைக்கி அஞ்சு ரூபாவா ஈக்குது? எத்தனையோ மடங்கு ஈக்குது. ஒங்களுக்கு வாடகப் பிரச்சினைண்டு கேள்விப்பட்டேன்."

"எடுத்து என்ன செய்வீங்க?"

"அது என்ட வேல."

"உருக்குவீங்க," என்றார் ராத்தா. "அரசாங்கக் காச உருக்கினா குத்தம். அது ஒரு பக்கம். உருக்கினா அது பித்தளை. பித்தளைக்கி நீங்க இன்னைக்கி ஒரு வெல செல்வீங்க, நாளைக்கி ஒரு வெல செல்வீங்க. இப்ப இதுக்கு வெல செல்றது நான்."

வேன் போனது. கடையை எப்படிக் காப்பாற்றப் போகிறார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அன்று பின்னேரம் முதலாளி வந்தார். ராத்தா ஒரு டின்னைப் பலகையில் வைத்தார்.

"முதலாளி, ஒங்கட நாட்டாமிமாருக்கு நீங்கதானே காலைல டீ வாங்கிக் குடுக்கிற?"

"ஓ. இப்ப அதுவும் ஏலாது போல ஈக்குது."

"கூட்டின வாடகைக்கி இத எடுங்க. ஒரு குத்திக்கி ஒரு டீ. ஆளுக்கு ஒண்டக் குடுத்து இங்க அனுப்புங்க. டீட வெல நாளைக்கி எவ்வளவு ஏறினாலும் ஒங்களுக்கு ஏறாது."

முதலாளி டின்னைச் சாய்த்து உள்ளே பார்த்தார். அவர் மனதில் கூட்டிக் கழித்தது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. பிறகு டின்னைத் தூக்கிக்கொண்டு போனார். கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார்.

அடுத்த நாள் விறகுக்காரரும் நோட்டுக்குப் பதில் பழைய குற்றி கேட்டார். பிறகு இஞ்சி கொண்டுவருபவர் கேட்டார். பக்கத்துச் சோற்றுக் கடைக்காரர் ஒரு பார்சலுக்கு இத்தனை குற்றி என்று தாமாகவே விலை சொன்னார். நாடு முழுவதும் காசு கரைந்துகொண்டிருந்தபோது, அந்த ஒரு வரிசைக் கடைகளில் ஒரு காசு கரையவில்லை. அதன் விலையைச் சொன்னவர், கை நீளப் பலகைக்குப் பின்னால், அடுப்புப் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண். நான் எத்தனையோ பேச்சாளர்களைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கடை வாசலில் நின்றபோது வந்த பிரமிப்பு எனக்கு வேறெங்கும் வந்ததில்லை.

ஆனாலும் என் வாதத்தை நான் விடவில்லை. ஒரு நாள் கேட்டேன்: "டீ தாறதுதான் உங்க சொல்லுன்னா, அதுக்குக் குத்தி எதுக்குங்க? துண்டு எழுதிக் குடுத்தா போதாதா?"

"துண்ட நான் எழுதினா, இன்னொருத்தனும் எழுதுவான். நானே ஆசைப்பட்டுக் கூடுதலா எழுதிருவேன். இத யாரு எழுதுற? இது இனிப் பொறக்காத காசு."

"சரி. நாளைக்கி நீங்க இல்லாட்டி? உங்க சொல்லும் போயிரும். வச்சிருக்கிறவன் கெதி?"

அவர் கோபிக்கவில்லை. ஒரு குற்றியை எடுத்து என் முன் வைத்தார். "நான் மவுத்தானா டீ போகும். பித்தளை போகாது. என்ன நம்பினவன் வெறுங்கையோட நிக்கக் கூடாது, தராசுக்காரரே. அதுக்குத்தான் இது."

அவர் தம் சொல்லைக் கொடுத்தார். அந்தச் சொல் ஒரு நாள் இல்லாமல் போகும் என்பதையும் எண்ணி, அதற்கும் ஈடு வைத்தே கொடுத்தார். என் வைப்புப் பணத்துக்கு அப்படி யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இனி அந்தப் பதாகை கட்டியிருந்த நாளுக்கு வருகிறேன். ராத்தாவின் மகள் ரிஸானா அன்றுதான் கடையைத் திறந்திருந்தார். கடை முன்னால் அதே வேன் நின்றது. அதே ஆள், கதவைத் திறந்து வைத்து, உள்ளே ஒரு தராசுடன். நாட்டாமிகள் கைகளில் பழைய குற்றிகளை மூடிக்கொண்டு, கடைக்கும் வேனுக்கும் நடுவில் நின்றார்கள். தாயின் சொல்லுக்கு மகள் நிற்பாரா என்று யாருக்கும் தெரியவில்லை. நின்றால் டீ, நிற்காவிட்டால் பித்தளை. பித்தளை என்றால் முதலில் கொடுப்பவனுக்குத்தான் நல்ல விலை. யாரும் வேனை நோக்கி முதலடி வைக்கவில்லை. கடையில் கேட்கவும் ஒருவருக்கும் மனமில்லை. இறந்த வீட்டில் எப்படிக் கேட்பது?

செல்லையா என்னைப் பார்த்தார். "ஐயா, ஒங்களுக்குத்தான் வாய் இருக்கு."

நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்த ஒரு குற்றி என் சட்டைப் பையில்தான் இருந்தது. என் வாதத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதற்காகவே செலவழிக்காமல் வைத்திருந்தேன். அதை எடுத்துப் பலகையில் போட்டேன். சத்தம் சரியாக இருந்தது.

"ஒரு பிளேன்டீ."

ரிஸானாவின் கண்கள் நிறைந்துவிட்டன. "ஐயோ மாமா, ஒங்ககிட்ட காசு எடுக்கிறதா? சும்மா குடிங்க."

பின்னால் நின்றவர்கள் இன்னும் ஓரடி நெருங்கினார்கள். சும்மா கொடுத்தால் அது அன்பு. அன்பு அன்றோடு முடிந்துவிடும்.

"நான் சும்மா குடிக்க வரல," என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்தது. "உம்மா யாருக்கும் சும்மா குடுத்ததில்ல. காசு நல்லதா கெட்டதான்னு பாத்துச் சொல்லுங்க. நல்லதுன்னா டீய ஊத்துங்க. இல்லாட்டி இந்தா வேன் நிக்குது."

ரிஸானா என்னைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். பிறகு முக்காட்டின் நுனியால் முகத்தைத் துடைத்துவிட்டு, தலைக்கு மேலே தொங்கிய காந்தத்தை இழுத்து என் குற்றியின் மேல் பிடித்தார். குற்றி அசையவில்லை. அதை எடுத்து டின்னில் போட்டார். கேத்தலைத் தூக்கினார்.

"பழசு வச்சிருக்கிறவங்க வாங்க," என்றார். "உம்மாட வெலதான்."

வரிசை என் பின்னால் சேர்ந்தது. சிறிது நேரத்தில் வேனின் கதவு மூடும் சத்தம் கேட்டது. நான் குடித்து முடிப்பதற்குள் விறகுக்காரர் வந்தார். அவருக்கு ரிஸானா டின்னிலிருந்து எடுத்துக் கொடுத்த குற்றிகளில் ஒன்று என்னுடையது. அவர் அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஆகவே ராத்தா தந்த குற்றி இப்போது என்னிடம் இல்லை. அது எங்கோ கைமாறிக்கொண்டிருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவர் சொன்ன விலை மட்டும்தான். அவரோடு அத்தனை வருடம் வாதாடி, கடைசியில் நானே அதற்குச் சாட்சியாக நின்றேன். இதை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லிச் சிரித்திருப்பார் என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன்.

பதாகை வெயிலில் வெளுத்துப் போகும். புதிதாக எழுதும்போது அந்த 'இலவசம்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அவர் பெயரைப் போட்டு, கீழே அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள். பழைய ஐந்து ரூபாவுக்கு ஒரு பிளேன்டீ.